வேலியோரம் 60 அடி: மோனார்க்குக்காக எதைச் செய்வது?

சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் எங்கள் சமூகத் தோட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு பாத்தி, 20க்கு 20 அடி. மே கடைசியில் வெண்டை, கத்திரி, கொத்தவரை என்று நட ஆரம்பித்தால், அக்டோபரில் உறைபனி விழுந்து எல்லாம் ஒரே ராத்திரியில் கறுத்துப்போகும்வரை எங்கள் மாலை நேரமெல்லாம் அங்கேதான். இந்த வருஷம் வழக்கத்துக்கு மாறாக, தண்ணீர்க் கட்டணம் கட்டியது போக 600 டாலர் மிச்சம். தெற்கு வேலியை ஒட்டி 60 அடி நீளத்தில், 4 அடி அகலத்தில், யாருக்கும் ஒதுக்காத புல்தரையும் சும்மா கிடக்கிறது.

"மோனார்க் பட்டாம்பூச்சிக்கு ஏதாவது செய்யலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் எடுத்துவிட்டார். அவ்வளவுதான், ஆளுக்கொரு யோசனை. வீட்டில் கூண்டு வைத்துப் புழு வளர்த்துப் பறக்கவிடலாம் என்றது ஒரு கட்சி. மோனார்க்கின் புழு தின்னும் மில்க்வீட் செடியைக் கடையில் வாங்கி வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடலாம் என்றது இன்னொன்று. வேலியோரம் பாத்தி போடுவோம் என்றார்கள் சிலர். பூச்செடி போதும், களையெல்லாம் எதற்கு என்றார்கள் வேறு சிலர். பேசாமல் பணத்தை மெக்சிகோவில் காடு காப்பவர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். நடுவில் வாயைத் திறந்த குற்றத்துக்காக, எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் டொரொன்டோவிலும் தோட்டம் போடும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சில விஷயங்கள் ஊருக்கு ஊர் தலைகீழாக மாறும் என்பதால் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மோனார்க் நமக்கு முற்றிலும் அந்நியமான பூச்சி இல்லை. ஊரில் எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் ஆரஞ்சு நிற வெந்தய வரியனின் நெருங்கிய சொந்தம் அது. வரியனின் புழுவுக்கு எருக்கு என்றால் மோனார்க்கின் புழுவுக்கு மில்க்வீட். இரண்டு செடியும் ஒரே குடும்பம்தான். மில்க்வீட் இலையைக் கிள்ளினால் எருக்கம்பால் மாதிரியே வெள்ளையாக வடியும், கண்ணில் பட்டால் அதே மாதிரி பாடாய்ப்படுத்தும். அந்தப் பாலில் உள்ள நஞ்சைத் தின்று தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால்தான் புழுவையும் பூச்சியையும் பல பறவைகள் தொடுவதில்லை. மில்க்வீட் இல்லாத இடத்தில் புழுவுக்குப் பிழைப்பு இல்லை. என் மாமியார் முதல்முறை இந்தச் செடியைப் பார்த்துவிட்டு, "வீட்டில் எருக்கு முளைக்கணும்னு சபிப்பாங்க, நீங்க காசு கொடுத்து வாங்கி வைக்கிறீங்களே" என்றார்.

இங்கே கோடையில் பிறக்கும் மோனார்க் இரண்டு முதல் ஐந்து வாரம் வாழும். ஆகஸ்ட் கடைசியில் பிறக்கும் தலைமுறை வேறு ரகம்: முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தெற்கே கிளம்பும், எட்டு மாதம் வரை உயிரோடு இருக்கும். எங்கள் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் போட்டாலே 2,700 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலும் பக்கத்து மெக்சிகோ மாநிலத்திலும் உள்ள மலைகளில், ஓயமெல் என்னும் ஊசியிலை மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கி பனிக்காலத்தைக் கழிக்கும். வெளியுலக ஆய்வாளர்களுக்கு அந்த இடம் தெரியவந்தது 1975 ஜனவரியில்தான். மலையடிவாரத்துக்காரர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

அங்கே பூச்சிகளைத் தனித்தனியாக எண்ண முடியாது. அவை அடைந்திருக்கும் காட்டின் பரப்பைத்தான் அளக்கிறார்கள். 1996-97 பனிக்காலத்தில் அது 18 ஹெக்டேருக்கு மேல். 2013-14இல் 0.67 ஹெக்டேர். 2023-24இல் 0.9, அதற்கடுத்த வருஷம் 1.79. ஏறி இறங்கினாலும் பழைய அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை மோனார்க்கை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிட முன்மொழிந்தது. காரணங்களில் ஒன்று எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. களைக்கொல்லியைத் தாங்கும் சோளமும் சோயாவும் வந்த பிறகு, வயலுக்குள் வரிசைக்கு நடுவே முளைத்துக்கொண்டிருந்த மில்க்வீட் காணாமல் போனது. 1999க்கும் 2010க்கும் இடையில் மத்திய மேற்கு மாநிலங்களின் நிலப்பரப்பில் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. இத்தனைக்கும் இல்லினாயின் மாநிலப் பூச்சியே மோனார்க்தான். டிகேட்டர் நகரத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு, 1975இல் சட்டமாக்கியது.

சரி, கூண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குத்தான் கூட்டத்தில் கைதட்டல் அதிகம்.

கூண்டுக் கட்சியின் வாதம் எண்ணிக்கை. வெளியே இடப்படும் 100 முட்டையில் பறக்கும் பூச்சியாக மாறுவது ஐந்தோ அதற்கும் குறைவோதான். எறும்பு, சிலந்தி, குளவி, புழுவுக்குள் முட்டை வைக்கும் ஈ என்று எதிரிகள் ஏராளம். கூண்டுக்குள் வைத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். வலைக்கூண்டு 25 டாலருக்குக் கிடைக்கிறது. 600 டாலருக்கு 24 கூண்டு, கூண்டுக்குப் பத்து புழு. கணக்கு போட்டால் ஆகாயமே ஆரஞ்சாகிவிடும்.

அந்தக் காட்சியின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. போன வருஷம் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் சமையலறை ஜன்னலோரம் முப்பது புழு வளர்த்தார். கூட்டுப்புழு ஜேட் கல் மாதிரி பச்சையாக, மேலே தங்கப் பொட்டு வைத்தாற்போலத் தொங்கும். பிறக்கும் நாளுக்கு முந்தின ராத்திரி அந்தப் பச்சை மங்கிக் கண்ணாடியாகிவிடும். உள்ளே மடித்து வைத்த சிறகின் கறுப்புக் கோடு தெரியும். காலையில் காபி போடப் போனவர், அது கிழித்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் போன் செய்தார். கசங்கிய துணி போல வரும் சிறகில் உடம்பிலிருந்து நீர் ஏறி ஏறி விரிவதைப் பார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டுச் சமையலறையில் நின்றோம்.

அவர் சொல்லாமல் விட்ட பக்கமும் உண்டு, பிறகுதான் சொன்னார். கூட்டுப்புழு ஆவதற்கு முந்தின கடைசிக் கட்டமான ஐந்தாம் கட்டத்தில் புழு நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கும். கூண்டுத் தரையில் மிளகு கொட்டியது போல எச்சம் சேர்ந்துகொண்டே இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு இலை தீர்ந்து, டார்ச் எடுத்துக்கொண்டு ரயில் பாதை ஓரம் மில்க்வீட் தேடிப் போயிருக்கிறார்கள். முப்பதில் நான்கு சிறகு சுருண்டு வந்தன, பறக்கவே இல்லை. பெரும்பாலும் ஓஈ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கும். நோயுள்ள தாய்ப்பூச்சியின் உடம்பிலிருந்து உதிரும் நுண்துகள்கள் முட்டையிலும் இலையிலும் ஒட்டிக்கொள்ளும்; புழு அதைத் தின்றால் போயிற்று. ஒரே கூண்டில் நெருக்கி வளர்க்கும்போது ஒன்றின் நோய் மற்றதற்கும் தொற்றுகிறது.

இதைவிட எனக்கு உறைத்தது வேறு. 2019இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்பு மோனார்க்குகள் எந்தத் திசையில் பறக்கப் பார்க்கின்றன என்று சோதித்தார்கள். விற்பனைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை தெற்கு நோக்கவில்லை. காட்டில் பிடித்த பூச்சிகளின் வாரிசுகளைக்கூட வீட்டுக்குள் வைத்து வளர்த்தால் திசை தடுமாறியது. மறுபக்கமும் உண்டு: கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் வளர்ப்புப் பூச்சிகளில் குட்டி ரேடியோ கருவி ஒட்டிப் பறக்கவிட்டபோது, வெளிக்காற்றும் வெயிலும் பட்ட பிறகு பெரும்பாலானவை திசையைப் பிடித்துக்கொண்டன. ஆக, விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் வளர்ப்புப் பூச்சிகளுக்குக் கால் பிடிமானம் குறைவு, சிறகு நிறமும் மங்கல் என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அளந்திருக்கிறார்கள். 2,700 கிலோமீட்டர் போக வேண்டிய ஆளுக்கு இதெல்லாம் சின்னக் குறை இல்லை. மோனார்க் ஆய்வாளர்களும், பூச்சியினங்களைக் காக்கப் பாடுபடும் ஸெர்செஸ் சொசைட்டி அமைப்பும் மொத்தமாக வளர்த்து விடுவது காக்கும் வழியல்ல என்று பல வருஷங்களாகவே சொல்லிவருகிறார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே அனுமதி இல்லாமல் மோனார்க்கைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி தவறு.

எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இருபத்துநான்கு கூண்டுக்கு இலை எங்கிருந்து வரும்? கூண்டு வாங்கினாலும் மில்க்வீட் நடத்தான் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க மூன்று நான்கு புழு வளர்ப்பதை நான் தடுக்க மாட்டேன், அந்தக் காலைக் காபிக் காட்சி ஒரு குழந்தையை வாழ்நாள் முழுக்க மாற்றிவிடலாம். தோட்டத்துப் பணத்தை அதில் போடக் கூடாது என்பது மட்டும்தான் என் கட்சி.

அடுத்தது, கடைச் செடி. இதில் எனக்கே அனுபவம் இருக்கிறது, நல்ல அனுபவம் இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு பெரிய கடையின் தோட்டப் பிரிவில் பட்டாம்பூச்சிப் படம் ஒட்டிய மில்க்வீட் மூன்று தொட்டி வாங்கினேன். ஒரு வாரத்திலேயே ஒரு தாய்ப்பூச்சி வந்து முட்டை வைத்துவிட்டுப் போனது, வீடே கொண்டாட்டம். பொரித்த ஐந்து புழுவும் இரண்டாம் நாள் தின்பதை நிறுத்தின, பச்சையாகக் கக்கின, மூன்றாம் நாள் இலை நுனியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. செடியில் பூச்சிமருந்து இருந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 2022இல் வந்த ஆய்வொன்றில், 15 மாநிலங்களில் 33 கடைகளிலிருந்து மில்க்வீட் வாங்கி 235 இலை மாதிரிகளைச் சோதித்திருக்கிறார்கள். மருந்து இல்லாத மாதிரி ஒன்றுகூட இல்லை. சராசரியாக ஒரு செடியில் பன்னிரண்டு வகை மருந்து. பட்டாம்பூச்சிக்கு உகந்தது என்று அட்டை ஒட்டிய செடிகளும் பெரிதாகத் தேறவில்லை. எனவே கடையில் வாங்கினால், வேரில் ஊற்றும் மருந்து உட்பட எதுவும் போடாமல் வளர்த்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாத கடையில் நான் இனி வாங்குவதாக இல்லை.

கடைச் செடியில் இன்னொரு சிக்கல் ரகம். சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று பூக்கும் செடி என்றால் அது பெரும்பாலும் ட்ராபிக்கல் மில்க்வீட். தென்னமெரிக்கப் பக்கத்துச் செடி. நம் ஊர் மலைப்பகுதிகளில்கூடத் தானாக முளைத்துக் கிடக்கும். எங்கள் ஊர்க் குளிரில் இது அக்டோபரில் செத்துவிடும், அதனால் இங்கே பெரிய ஆபத்து இல்லை. வருஷா வருஷம் காசு போகும், அவ்வளவுதான். ஹூஸ்டனிலும் ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாக் கடலோரத்திலும் கதை வேறு. அங்கே அது சாகாமல் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். இலை உதிராததால் ஓஈ நுண்துகள் அதிலேயே தலைமுறை தலைமுறையாகத் தேங்கும். தெற்கே போக வேண்டிய பூச்சி போகாமல் அங்கேயே தங்கி முட்டையிடவும் தொடங்கும். கலிஃபோர்னியாவில் சில மாவட்டங்களில் இதன் விற்பனைக்கே தடை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை மண்ணிலிருந்து அரை அடிக்கு ஒட்ட வெட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது பிடுங்கிவிட்டு உள்ளூர் ரகம் வைக்கலாம். கலிஃபோர்னியாவில் மோனார்க் பனிக்காலம் கழிக்கும் கடலோரத் தோப்புகளுக்குப் பக்கத்தில் உள்ளூர் மில்க்வீடையே நட வேண்டாம் என்கிறார்கள். சான்டா பார்பராவுக்கு வடக்கே கடலிலிருந்து ஐந்து மைல் வரை இந்த விதி. அங்கே இருப்பவர்கள் தேன் பூக்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பதில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. ஒரு புழு பெரிதாவதற்குள் ஒரு செடியின் இலையில் பெரும்பகுதியைக் காலி செய்துவிடும். தனியாக நிற்கும் தொட்டிச் செடியில் ஐந்து முட்டை வைத்தால் நான்கு பட்டினி. மோனார்க் வாட்ச் என்ற கன்சாஸ் பல்கலைக்கழகத் திட்டம் 2005 முதல் தோட்டங்களை இடைத்தங்கலாகப் பதிவு செய்துவருகிறது. குறைந்தது பத்து மில்க்வீட் செடியாவது வேண்டும், முடிந்தால் இரண்டு ரகம் என்கிறார்கள் அவர்கள்.

இப்போது வேலியோரப் பாத்தி. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும், அதனால் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பலன் மெதுவாக வரும். விதையிலிருந்து வளர்த்தால் முதல் வருஷம் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். அப்படியே எல்லாம் சரியாக நடந்தாலும், ஒரு கோடையில் எங்கள் 60 அடியிலிருந்து பத்து இருபது பூச்சி கிளம்பினால் பெரிய விஷயம். கூண்டுக்காரர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் கூண்டை நிறுத்திய வருஷத்தில் எண்ணிக்கை பூஜ்யம். பாத்தியில் வேரோடிய மில்க்வீட், யார் வீடு மாறிப் போனாலும், அடுத்த மேயில் தானே தலைகாட்டும். எங்களில் பாதிப் பேர் விசாவிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்கள். மூன்றாவது வருஷம் இந்தத் தோட்டத்தில் யார் இருப்பார்கள் என்று கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். உயர்ந்த கைகள் ஆறு. ஆறு பேர் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றாகத்தான் அது இருக்க வேண்டும்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் 2017இல் சொன்ன கணக்குப்படி, மெக்சிகோவுக்குப் போகும் கிழக்கத்திய மோனார்க் கூட்டம் நிலைப்பட இன்னும் 180 கோடி மில்க்வீட் தண்டு வரை வேண்டியிருக்கும். வயல், சாலையோரம், நகரம் என எல்லா இடமும் சேர்ந்தால்தான் அது முடியும் என்றார்கள். சிகாகோவின் ஃபீல்ட் மியூசியம் ஆட்கள் 2019இல் கணக்குப் போட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு வரை நகர்ப்புறங்களே தர முடியும் என்று காட்டினார்கள். 180 கோடியில் எங்கள் பங்கு நாற்பது. சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்துத் தெருத் தோட்டத்துக்கும் கணக்கு இதே மாதிரிதான்.

எந்த ரகம் என்பதில்தான் சமூகத் தோட்டத்துச் சண்டையெல்லாம் வரும். காமன் மில்க்வீட் புழுவுக்கு அருமையான தீனி, பூ மல்லிகையும் வெனிலாவும் கலந்த மாதிரி மணக்கும். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு வேர் ஓட்டி நான்கு அடி தள்ளிப்போய் முளைக்கும். பக்கத்துப் பாத்திக்காரர் வெண்டைக்கு நடுவே அது எட்டிப்பார்த்தால் நட்பு முறியும். ஸ்வாம்ப் மில்க்வீட் அப்படி ஓடாது, இருந்த இடத்திலேயே தூராகத் திரளும். பேரில் சதுப்பு இருந்தாலும் தோட்டத்துத் தண்ணீர் போதும். அயோவாவில் ரகங்களை ஒப்பிட்டு முட்டைகளை எண்ணியபோது இந்த இரண்டிலும்தான் தாய்ப்பூச்சி அதிகம் வைத்தது. ஆரஞ்சாகப் பூக்கும் பட்டர்ஃப்ளை வீட் பார்க்க அழகு, களை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வறட்சி தாங்கும். முட்டை குறைவாகத்தான் விழும், ஆணிவேர் என்பதால் ஒருமுறை நட்ட இடத்திலிருந்து மாற்றவும் முடியாது. எனவே எங்கள் பாத்திக்கு ஸ்வாம்ப் முக்கால்வாசி, வழியோரம் கண்ணுக்கு அழகாகப் பட்டர்ஃப்ளை வீட் கொஞ்சம், காமன் மில்க்வீட் காய்கறிப் பாத்திகள் இல்லாத மேற்கு மூலையில் மட்டும். டெக்சாஸ்காரர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. அவர்கள் ஊர் மண்ணுக்கு கிரீன் மில்க்வீடும் ஆன்டிலோப் ஹார்ன்ஸும். டொரொன்டோக்காரர்கள் தயங்க வேண்டியதில்லை; ஒன்டாரியோ அரசு 2014இல் காமன் மில்க்வீடைத் தீங்கான களைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

வேலியோரம் என்பது தற்செயலாக அமைந்தாலும் நல்ல இடம். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் சிறு தோட்டங்களை வெவ்வேறு விதமாக நட்டுப் பார்த்தார்கள். மற்ற செடிகளுக்குள் கலந்து நட்ட மில்க்வீடை விட, தோட்டத்தின் ஓரத்தைச் சுற்றித் தனித்துத் தெரியும்படி நட்ட மில்க்வீடில் முட்டையும் புழுவும் 2.5 முதல் 4 மடங்கு அதிகம் இருந்தன. பூச்சி பறந்துவரும்போது அதன் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். எனவே மில்க்வீடை வெளிவரிசையில் வைத்து, பூச்செடிகளை வேலிப் பக்கம் தள்ளிவிடப் போகிறோம்.

பாத்திக்கு எதிரி களை இல்லை, நாங்கள்தான். முட்டைக்கோஸில் புழு விழுந்தால் இயற்கை மருந்து என்று நம்பி, பிடி (Bt) என்ற பாக்டீரியா மருந்தைத் தெளிப்போம். அது எந்தப் பட்டாம்பூச்சிப் புழுவையும் கொல்லும், மோனார்க் என்று பார்த்து விட்டுவிடாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் அப்படித்தான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேப்பெண்ணெய் என்றால் தீர்த்தம் மாதிரி. வெண்டைக்குத் தெளித்தது காற்றில் ஒரு பாத்தி தள்ளிப் போய் மில்க்வீட் இலையில் படிந்தால், புழு தின்னாமல் சோர்ந்து சாகும். மில்க்வீடில் மஞ்சள் அசுவினி அப்பிக்கொண்டு வருவதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பார்க்க அருவருப்பாக இருக்கும், செடி சாகாது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும், அதற்கு முன் இலையின் அடியில் குண்டூசித் தலை அளவு வெள்ளை முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூச்செடி போதும் என்ற கட்சியை நான் ஆரம்பத்தில் அலட்சியமாகத்தான் பார்த்தேன். படிக்கப் படிக்க அவர்கள் பக்கத்திலும் நியாயம் தெரிந்தது. கோடையில் இங்கே மோனார்க்கை எண்ணுபவர்கள் கையில் உள்ள கணக்கில், மெக்சிகோவில் தெரியும் அளவுக்குச் சரிவு தெரியவில்லை. வழியில்தான் நிறையச் சாகின்றன, எனவே மில்க்வீட் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் போதாது என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் பூச்சிக்குக் கொழுப்பு சேர வேண்டும். அந்தக் கொழுப்பில்தான் பயணமும், பிறகு மெக்சிகோ மலையில் பனிக்காலமும் ஓட வேண்டும். அதற்குத் தேன் தரும் பூ செப்டம்பரில் இருக்க வேண்டும். நம் தோட்டங்களிலோ செப்டம்பரில் ஒரு பூவும் இருப்பதில்லை, செவந்தி வாங்கி வாசலில் வைப்பதோடு சரி. உள்ளூர் ஆஸ்டர், கோல்டன்ராட், பிளேஸிங் ஸ்டார் மூன்றும் சேர்ந்தால் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை பூ இருக்கும். கோல்டன்ராட் என்றதும் அலர்ஜி என்று பயப்படுவார்கள். தும்மல் வரவழைப்பது அதே சமயத்தில் பூக்கும் ராக்வீட், இதன் மகரந்தம் காற்றில் பறக்காத அளவுக்குக் கனம். பூ மட்டும் வைத்தால் முட்டைக்கு இடமில்லை, மில்க்வீட் மட்டும் வைத்தால் செப்டம்பரில் பசி. 4 அடி அகலத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கும்போது இதைத் தனி விருப்பமாக வைத்துச் சண்டை போடுவதில் பொருளில்லை. பக்கத்தில் பூ இருந்தால் தேனீ வரும், எங்கள் பூசணியும் பாகலும் காய்க்கும் என்பது காய்கறிக் கட்சியை மடக்க நான் வைத்திருந்த துருப்புச்சீட்டு.

மெக்சிகோவுக்குப் பணம் அனுப்புவது தப்பில்லை. அங்கே மரம் வெட்டுவதும் பிரச்சினைதான். யார் வேண்டுமானாலும் சொந்தக் காசில் அனுப்பலாம். தோட்டத்து நிலத்தைப் பயன்படுத்தாமல் தோட்டத்துப் பணத்தை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. அதைவிட மலிவான, பலன் பெரிய வேலை ஒன்று இருக்கிறது: நகராட்சியிடம் பேசுவது. செயின்ட் லூயிஸ் நகரம் 2014இல் தன் 250ஆவது பிறந்தநாளுக்கு 250 மில்க்வீட் தோட்டம் என்று இறங்கியது, 50 நகராட்சி போட்டது, 200 மக்கள் போட வேண்டியது. அடுத்த வருஷம் மேயர்கள் மோனார்க்குக்காக உறுதிமொழி எடுக்கும் தேசியத் திட்டம் ஒன்றும் வந்தது. எங்கள் பூங்காத் துறை ஓடைக்கரைப் புல்லை எப்போது வெட்டுகிறது என்பதை மாற்றினாலே, எங்கள் 60 அடியைப் போல நூறு மடங்கு இடம் கிடைக்கும். இதற்குச் செலவு ஒரு கடிதமும், மூன்று மாலை நேரக் கூட்டங்களில் பொறுமையாக உட்காருவதும். நம்மவர்கள் இந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போவதே இல்லை என்பது வேறு கதை.

ஆக, கூட்டத்தில் நான் வைத்த திட்டம் இது. பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அக்டோபரில் புல்லின் மேல் பரப்பி, நகராட்சி இலவசமாகத் தரும் மரச்சீவலை அதன் மேல் கொட்டிவிடுவது. பனிக்காலம் முழுக்க மூடிக் கிடந்தால் புல் பெரும்பாலும் செத்துவிடும். மருந்து போடாமல் வளர்க்கும் உள்ளூர் நர்சரியில் ஸ்வாம்ப் மில்க்வீட் நாற்று 32, அதற்கு 120 டாலர். இலையுதிர் காலப் பூ நாற்றுகளுக்கு 240. விதைக்கு 60, ஒரு அறிவிப்புப் பலகைக்கு 40. பலகை அலங்காரத்துக்கு இல்லை; பேர் எழுதிய பலகை இல்லாவிட்டால் புல்வெட்டும் ஒப்பந்தக்காரர் முதல் வாரமே எல்லாவற்றையும் மொட்டையடித்துவிடுவார். மிச்சம் 140 டாலரை மூன்றாம் வருஷத்துக்கு என்று எழுதி எடுத்துவைப்பது. ஜூலை முதல் வாரத்தில் மூன்றில் ஒரு பங்குச் செடியை, முட்டையும் புழுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பாதி உயரத்துக்கு வெட்டிவிடுவது. மிச்சிகனில் இப்படிச் செய்தபோது மறுபடி துளிர்த்த இளந்தளிரில் முட்டை கூடுதலாக விழுந்தது.

விதை வாங்கியவர்கள் வீட்டிலேயே நாற்றுப் போடலாம், ஆனால் மில்க்வீட் விதை குளிர் காணாமல் சரியாக முளைக்காது. ஈரமான பேப்பர் டவலில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வைக்க வேண்டும். போன மார்ச்சில் எங்கள் வீட்டில் அது இட்லி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. ஏதோ கெட்டுப்போன மசாலா என்று என் பையன் குப்பையில் போட்டுவிட்டான். குப்பை வண்டி வருவதற்குள் ஓடிப்போய் எடுத்தேன். பையின் மேல் பேரும் தேதியும் எழுதி வையுங்கள்.

வாக்கெடுப்பில் பாத்திக்குப் பதினொன்று, கூண்டுக்கு நான்கு. தெற்கு வேலிக்குப் பக்கத்துப் பாத்தி ஒரு பெரியவருடையது. பதினைந்து வருஷமாக அங்கே வெண்டை போடுபவர். வேப்பெண்ணெய்யை வேலியோரத்து இரண்டு வரிசைக்குத் தெளிப்பதில்லை, பிடியைத் தொடுவதே இல்லை என்று ஒத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். "அந்தக் காமன் மில்க்வீட் ஒண்ணாவது என் வெண்டைக்குள்ள தலை நீட்டினா பிடுங்கிடுவேன் தம்பி, அப்புறம் வருத்தப்படக் கூடாது." சரி ஐயா என்றேன். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, அந்த முட்டை இலைக்கு மேலே இருக்குமா, அடியில் இருக்குமா என்று கேட்டார். அடியில் என்றேன். "அப்ப பிடுங்கறதுக்கு முன்னாடி புரட்டிப் பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனார்.